சேமிப்புகளை இழக்காமல் டால்ஃபின் சோதனைப் பதிப்புகளை ஓட்டிப் பார்ப்பது எப்படி?

நின்டெண்டோ நிறுவனத்தின் கேம்கியூப் (2001), வீ (2006) ஆகிய இரு கருவிகளுக்கான விளையாட்டுகளை நம் கணினியில் ஓடவைக்கும் எமுலேட்டர்தான் டால்ஃபின். 2003ஆம் ஆண்டு முதன்முதலில் வெளிவந்த இம்மென்பொருள் 2008இல் திறமூலமாக மாறியது. அன்று முதல் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்து வருகிறது. இதன் மூலநிரலில் ஒரு மாற்றம் ஏற்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பு ஒன்று தானாகவே உருவாகி, எவரும் பதிவிறக்கிக்கொள்ளும் வகையில் திட்டத்தின் தளத்தில் வைக்கப்படுகிறது. இப்படிப் பிறக்கும் முன்வெளியீட்டுப் பதிப்புகளைத்தான் 'டெவ் பில்டு' என்கிறார்கள்; சோதனைப் பதிப்பு என்று நான் சொல்வதும் இவற்றைத்தான். 2016 ஜூனில் வந்த 5.0 என்ற நிலையான பதிப்புக்குப் பிறகு அடுத்த நிலையான வெளியீடான 2407 வருவதற்கு 2024 ஜூலை வரை எட்டு ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலத்தில் புதிய திருத்தங்கள் வேண்டும் என்று நினைத்த எல்லோரும் ஏதாவதொரு முன்வெளியீட்டுப் பதிப்பில்தான் விளையாடினார்கள்.

சோதனைப் பதிப்பை இயக்குவது அபாயமான வேலை அன்று. எனினும் அன்றாடம் விளையாடும் பதிப்பின் மேலேயே அதை நிறுவினால், இழப்பு எப்போது வேண்டுமானாலும் நேரலாம். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு எமுலேட்டரின் சோதனைப் பதிப்பை நான் அப்படித்தான் பழைய கோப்புறையின் மேல் பிரித்துப் போட்டேன். என் தம்பி ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆடிச் சேர்த்த மெமரி கார்டு கோப்பு அதன்பின் திறக்கவே இல்லை. என்னிடம் காப்புநகலும் இல்லை. அன்று அவன் முகம் வாடியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கீழே உள்ள படிகள் அந்த நாளுக்குப் பிறகு நான் விடாமல் கடைப்பிடித்து வருபவை. விண்டோஸ் கணினியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதல் படி: இருப்பதைக் காப்பாற்றுங்கள்

எதையும் பதிவிறக்குவதற்கு முன், நீங்கள் இப்போது பயன்படுத்தும் டால்ஃபினைத் திறந்து, ஃபைல் பட்டியலில் உள்ள 'ஓப்பன் யூசர் ஃபோல்டர்' என்பதைச் சொடுக்குங்கள். உங்கள் அமைப்புகள், சேமிப்புகள் எல்லாம் இருக்கும் கோப்புறை திறக்கும். அதனுள் 'ஜிசி' என்ற உட்கோப்புறையில் கேம்கியூப் மெமரி கார்டுகளும், 'வீ' என்ற உட்கோப்புறையில் வீ கருவியின் உள்நினைவகமும், 'கான்ஃபிக்' என்பதில் அமைப்புகளும், 'ஸ்டேட்சேவ்ஸ்' என்பதில் சேவ் ஸ்டேட்டுகளும் இருக்கும். டால்ஃபினை மூடிவிட்டு, இந்தக் கோப்புறை முழுவதையும் தேதியிட்ட ஒரு பெயரில் வேறு வட்டுக்கோ பென்டிரைவுக்கோ நகலெடுங்கள். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் பாதி எழுதப்பட்ட கோப்பு நகலில் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால் மூடிய பிறகே செய்ய வேண்டும்.

சேவ் ஸ்டேட்டுக்கும் விளையாட்டின் சொந்தச் சேமிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது. விளையாட்டுக்குள் இருக்கும் சேமிப்பு, உண்மையான கருவி மெமரி கார்டில் எழுதுவதைப் போலவே எழுதப்படுவதால் எமுலேட்டரின் எந்தப் பதிப்பிலும் அது பொதுவாகப் படிக்கப்படும். சேவ் ஸ்டேட்டோ, அந்தக் கணத்தில் எமுலேட்டரின் உள்நிலை எப்படி இருந்ததோ அதை அப்படியே பிடித்து வைத்த படம். மூலநிரலில் உள்ளமைப்பு சற்று மாறினாலும் பழைய படத்தைப் புதிய பதிப்பால் படிக்க முடியாமல் போகலாம். ஆகவே சோதனைக்கு முன் நிலையான பதிப்பிலேயே விளையாட்டைத் திறந்து, விளையாட்டுக்குள் இருக்கும் சேமிப்பு இடத்தில் ஒருமுறை முறையாகச் சேமித்துவிடுங்கள். சேவ் ஸ்டேட்டை மட்டும் நம்பி நெடுநாள் விளையாடுவோர் எத்தனையோ பேர். அவர்களுக்குத்தான் பதிப்பு மாற்றம் அதிக வேதனையைத் தருகிறது.

இரண்டாம் படி: சரியான இடத்தில் இருந்து இறக்குங்கள்

டால்ஃபின்-இமு டாட் ஆர்க் என்பதே திட்டத்தின் அதிகாரபூர்வத் தளம். பெயரையும் நீல நிறச் சின்னத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு நடமாடும் போலித் தளங்களில் இருந்து கோப்புகளை இறக்காதீர்கள். பதிவிறக்கப் பக்கத்தில் நிலையான வெளியீடுகளும் டெவ் பதிப்புகளும் தனித்தனியே பட்டியலிடப்பட்டிருக்கும். பதிப்பின் பெயரில் முதலில் வரும் எண் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும்; அதாவது 2407 என்பது 2024 ஜூலை. சிறுகோட்டுக்குப் பின் வரும் எண், அந்த வெளியீட்டுக்குப் பிறகு மூலநிரலில் எத்தனை மாற்றங்கள் சேர்ந்தன என்பதைச் சொல்லும். இந்த முழு எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், பின்னால் மிகவும் தேவைப்படும்.

இன்னும் ஏற்கப்படாமல் பரிசீலனையில் இருக்கும் மாற்றங்களுக்கும் தனிப் பதிப்புகள் உருவாக்கப்படுவதுண்டு. அவற்றின் நிரலை மற்ற உருவாக்குநர்கள் இன்னும் முழுதாகச் சரிபார்த்திருக்க மாட்டார்கள். ஓர் உருவாக்குநரே உங்களிடம் கேட்டாலொழிய, தொடக்கநிலையில் இருப்பவர்கள் அப்பக்கம் போக வேண்டாம்.

எமுலேட்டருக்கு நிர்வாகி அனுமதி தேவையில்லை. 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால்தான் ஓடும் என்று யாராவது சொன்னால் அந்தக் கோப்பைச் சந்தேகியுங்கள். புதிதாக வந்த நிரலை இன்னும் பலர் இயக்கியிராததால் விண்டோஸ் ஓர் எச்சரிக்கையைக் காட்டலாம். அப்போது கோப்பு அதிகாரபூர்வத் தளத்தில் இருந்துதான் வந்ததா என்று மீண்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் வைரஸ் தடுப்பை அணைத்து வைக்காதீர்கள். கணினியை வீட்டில் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றால், சோதனைக்கென்று நிர்வாகி உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுவது இன்னும் பாதுகாப்பானது.

மூன்றாம் படி: தனிக் குடித்தனம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். டால்ஃபினை எந்தக் கோப்புறையில் பிரித்து வைத்தாலும், இயல்பாக அது பயனர் கணக்கில் உள்ள பொதுவான இடத்தில் இருந்தே அமைப்புகளையும் சேமிப்புகளையும் எடுத்துக்கொள்ளும். எனவே இரு பதிப்புகளை இரு கோப்புறைகளில் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைப்பது தவறு. இரண்டும் ஒரே மெமரி கார்டில்தான் எழுதிக்கொண்டிருக்கும்.

இதைத் தவிர்க்க, பதிவிறக்கிய தொகுப்பை ஒரு புதிய கோப்புறையில் பிரித்து, டால்ஃபின் நிரல்கோப்பு இருக்கும் அதே இடத்தில் 'போர்ட்டபிள்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு வெற்று உரைக்கோப்பை உருவாக்குங்கள். அதன் பின்னொட்டு டிஎக்ஸ்டி என்று இருக்க வேண்டும். விண்டோஸ் பல கணினிகளில் பின்னொட்டை மறைத்து வைத்திருப்பதால், நீங்களும் ஒருமுறை டிஎக்ஸ்டி என்று தட்டச்சு செய்தால் பின்னொட்டு இரட்டித்துப் போய், டால்ஃபின் அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது. வியூ பட்டியலில் பின்னொட்டுகளைக் காட்டச் சொல்லிவிட்டு, பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது நிரலைத் திறந்தால், அதன் அருகிலேயே 'யூசர்' என்ற புதிய கோப்புறை தோன்றும். முதல் படியில் செய்தது போலவே 'ஓப்பன் யூசர் ஃபோல்டர்' என்பதைச் சொடுக்கி, திறப்பது இந்தப் புதிய கோப்புறைதானா என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். பழைய கோப்புறையே திறந்தால் உடனே மூடிவிட்டு உரைக்கோப்பின் பெயரைத் திருத்துங்கள். தானியங்கிப் புதுப்பிப்பையும் இந்தப் பதிப்பின் அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். இல்லையெனில் நீங்கள் சோதிக்கும் பதிப்பு உங்களுக்குத் தெரியாமலே வேறொன்றாக மாறிவிடக்கூடும்.

சோதனைக்குப் பழைய சேமிப்பு வேண்டுமென்றால், காப்புநகலில் இருந்து 'ஜிசி' அல்லது 'வீ' கோப்புறையை மட்டும் புதிய 'யூசர்' கோப்புறைக்குள் நகலெடுங்கள். 'கான்ஃபிக்' கோப்புறையைக் கொண்டுவர வேண்டாம். இயல்பு அமைப்புகளிலேயே ஒரு பிழை தோன்றுகிறதா என்பதுதான் உருவாக்குநர்கள் முதலில் அறிய விரும்புவது. ஏமாற்றுக் குறியீடுகள், படத்தெளிவைக் கூட்டும் வசதிகள், வேகத்தை மாற்றும் வசதிகள் ஆகியவை எல்லாம் அணைந்த நிலையில் இருக்கட்டும்.

நான்காம் படி: விளையாட்டுக் கோப்பின் மீது பழியில்லை என்று உறுதிசெய்யுங்கள்

சோதனைக்கு உங்கள் சொந்த வட்டில் இருந்து எடுத்த கோப்பையே பயன்படுத்துங்கள். வீ கருவி உங்களிடம் இருந்தால் கிளீன்ரிப் என்ற நிரலைக் கொண்டு அதை எடுக்கலாம். டால்ஃபினின் விளையாட்டுப் பட்டியலில் அந்த விளையாட்டின் மீது வலச்சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ் சாளரத்தில் 'வெரிஃபை' பகுதிக்குச் சென்றால், கோப்பு பழுதுபட்டிருக்கிறதா என்பதை அதுவே சோதித்துச் சொல்லும். பழுதில்லாத வட்டு நகல்களின் சரிபார்ப்பு எண்களைத் தொகுத்து வைத்திருக்கும் ரீடம்ப் தரவுத்தளத்தில் உள்ள மதிப்புகளோடு ஒப்பிட்டும் காட்டும். பழுதான கோப்பால் வரும் உறைதலை எமுலேட்டரின் பிழையாகப் புகாரளித்தால், ஒரு தன்னார்வலரின் ஒரு மாலைப்பொழுது வீணாகிவிடும்.

ஐந்தாம் படி: ஒப்பிட்டுச் சோதியுங்கள்

நிலையான பதிப்பு ஒன்றையும் இதே முறையில் போர்ட்டபிளாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தை இரண்டிலும் விளையாடிப் பாருங்கள். இரண்டிலும் கோளாறு இருந்தால் அது பழைய பிழை. சோதனைப் பதிப்பில் மட்டும் இருந்தால் அண்மையில் சேர்ந்த ஏதோ ஒரு மாற்றம் அதைக் கொண்டுவந்திருக்கிறது.

படங்களைப் பொறுத்தவரை திட்டத்திடமே ஒரு காவல் ஏற்பாடு உண்டு. விளையாட்டுகள் வரைகலைச் சில்லுக்கு அனுப்பும் கட்டளைகளைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, புதிய மாற்றம் ஒன்று வரும்போது அந்தப் பதிவுகளை மீண்டும் ஓட்டி, வரும் படம் முன்பு வந்த படத்தில் இருந்து மாறுகிறதா என்று ஃபிஃபோசிஐ என்ற ஏற்பாடு தானாகவே ஒப்பிடுகிறது. ஆனால் ஒலி விட்டுவிட்டு வருவதையோ, கைப்பிடியின் அசைவு தாமதமாகப் போய்ச் சேருவதையோ, மூன்று மணி நேரம் விளையாடிய பிறகு வரும் உறைதலையோ அதனால் காண முடியாது. அவற்றைப் பொறுமையோடு உட்கார்ந்து விளையாடும் மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே உங்கள் சோதனை நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

புதிதாக முளைத்த பிழை ஒன்றைப் பிடித்துவிட்டீர்கள் என்றால், அது எந்தப் பதிப்பில் நுழைந்தது என்பதை நிரல் எழுதத் தெரியாமலேயே கண்டுபிடிக்கலாம். நன்றாக ஓடிய பழைய பதிப்பு ஒன்றையும் பிழை உள்ள புதிய பதிப்பு ஒன்றையும் இரு முனைகளாக வையுங்கள். நடுவில் உள்ள பதிப்பை இறக்கிச் சோதியுங்கள். அதில் பிழை இருந்தால் தேட வேண்டியது முன்பாதி, இல்லையென்றால் பின்பாதி. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், இடையே 64 பதிப்புகள் இருந்தாலும் ஆறு அல்லது ஏழு சோதனைகளில் விடை கிடைத்துவிடும். ஆயிரம் இருந்தாலும் பத்துச் சோதனைகள் போதும். ஒவ்வொரு பதிப்பையும் தனிக் கோப்புறையில், தனி உரைக்கோப்போடு வைக்க மறவாதீர்கள். நுழைந்த பதிப்பைச் சரியாகச் சொல்லும் ஒரு புகார், 'என் விளையாட்டு ஓடவில்லை' என்ற நூறு புகார்களை விட உருவாக்குநருக்கு உதவும் என்பது என் உறுதியான கருத்து.

ஆறாம் படி: புகார் எழுதுதல்

டால்ஃபினின் பிழைப் பட்டியலில் அதே பிழை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் புதிய புகாரில், விளையாட்டின் பெயரும் அதன் அடையாள எண்ணும், கடைசியாக நன்றாக ஓடிய பதிப்பு எண்ணும், முதன்முதலில் பிழை தோன்றிய பதிப்பு எண்ணும், உங்கள் விண்டோஸ் பதிப்பு, வரைகலை அட்டை, அதன் டிரைவர் எண் ஆகியவையும், பிழையை மீண்டும் வரவழைக்கும் வழியும் வரிசையாக இடம்பெற வேண்டும். டால்ஃபின் படம் வரையப் பயன்படுத்தும் வழிகளான வல்கன், டைரக்ட்3டி ஆகியவற்றுள், வல்கனில் தோன்றும் படக் கோளாறு டைரக்ட்3டியிலும் தோன்றுகிறதா என்று மாற்றிப் பார்த்து அதையும் எழுதுங்கள். படக் கோளாறு என்றால் டூல்ஸ் பட்டியலில் உள்ள ஃபிஃபோ பிளேயரைக் கொண்டு சில நொடிகளைப் பதிவுசெய்து இணைக்கலாம். விளையாட்டுக் கோப்பை யாருக்கும் அனுப்ப வேண்டியதே இல்லை. நிரல் ஓடும்போது நடந்தவற்றைக் குறித்து வைக்கும் பதிவேட்டுக் கோப்பை (லாக்) இணைப்பதானால், உங்கள் கணினிப் பயனர் பெயர் அதில் கோப்புப் பாதையோடு வந்திருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிடுங்கள்.

பிழை திருத்தப்பட்டதாகப் பதில் வந்தால், திருத்தம் சேர்ந்த பதிப்பை இறக்கி, அதே இடத்தை மீண்டும் விளையாடிப் பார்த்து, சரியாகிவிட்டதா இல்லையா என்று அந்தப் புகாரிலேயே ஒரு வரி எழுதுங்கள். அதன் பிறகு சோதனைக் கோப்புறைகளை அழித்துவிடலாம். உங்கள் அன்றாட விளையாட்டு மட்டும், அடுத்த நிலையான வெளியீடு வரும்வரை, தொடப்படாத பழைய கோப்புறையிலேயே தொடரட்டும்.