சீலன்ட் போடும் முன்: அமெரிக்காவில் பிள்ளைகளின் பல் பில்லைக் குறைப்பது எப்படி?

என் மகளுக்கு ஏழு வயதில் சீலன்ட் (பல்லில் சொத்தை வராமல் தடுக்கும் பூச்சு) போட்டோம். நீல நிற ஜெல்லைத் தடவி, கழுவி, காற்றடித்து, திரவத்தைப் பூசி, விளக்கைக் காட்டினார்கள். ஊசியும் இல்லை, ட்ரில்லும் இல்லை. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு 110 டாலர் பில் வந்தது. நான்கு பல்லுக்கு இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டது. மீதி இரண்டும் பால் பல், அதற்குக் கிடையாதாம். முன்பே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

1. எந்தப் பல் என்று பாருங்கள்

விழுந்து முளைக்காத, நிலையான முதல் கடைவாய்ப் பல் ஆறு வயதையொட்டி, பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பலர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அடுத்தது பன்னிரண்டு வயதுவாக்கில் வரும். மெல்லும் பரப்பில் உள்ள பள்ளங்களுக்குள் பிரஷ் நுழையாது. அதை மூடுவதுதான் சீலன்ட். முதல் இரண்டு ஆண்டுகளில் கடைவாய்ச் சொத்தையில் 80 சதவீதத்தை இது தடுக்கும் என்கிறது அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி. அதனால் பல் முளைத்தவுடனே போடுவது நல்லது.

2. எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள்

இதில்தான் நான் கோட்டை விட்டேன். மூன்று விவரம் வேண்டும்: கோட் (எந்தச் சிகிச்சை என்று பில்லில் காட்டும் குறியீடு), பல் எண், ஒரு பல்லுக்கு எவ்வளவு.

சீலன்ட்டின் கோட் டி1351. வேறு கோட் இருந்தால் அது வேறு சிகிச்சை, விலையும் மாறலாம். ஏன் என்று கேளுங்கள். முதல் கடைவாய்ப் பற்களின் எண்கள் 3, 14, 19, 30. அடுத்தவை 2, 15, 18, 31. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஏ, பி, ஜே என்று ஆங்கில எழுத்து இருந்தால் அது பால் பல். என் பில்லில் இருந்த அந்த இரண்டு எழுத்துகளின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது!

இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் பல் ஒன்றுக்குப் பொதுவாக 30 முதல் 60 டாலர் ஆகும். பெருநகரங்களில் இன்னும் கூடும்.

3. இன்சூரன்ஸுக்கு போன் செய்யுங்கள்

"டி1351-க்கு எத்தனை வயது வரை தருவீர்கள்? எந்தப் பற்களுக்கு? எத்தனை வருடத்துக்கு ஒருமுறை? முழுத் தொகையா, ஒரு பகுதியா?" சில திட்டங்கள் சீலன்ட்டை செக்கப்போடு சேர்த்து முழுசாகக் கொடுக்கும், சில ஃபில்லிங் மாதிரி ஒரு பங்குதான் கொடுக்கும். ஏற்கெனவே ஃபில்லிங் செய்த பல் என்றால் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். சந்தேகமாக இருந்தால், முன்கூட்டியே எஸ்டிமேட் அனுப்பிப் பதில் வாங்கச் சொல்லி கிளினிக்கைக் கேளுங்கள். கொஞ்சம் நாளாகும், ஆனால் அந்தச் சில நாள் காத்திருப்பதில் தவறில்லை.

4. இன்சூரன்ஸ் இல்லையென்றால்

வருமானம் குறைவு என்றால் முதலில் அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களான மெடிகெய்டு, சிப் (பிள்ளைகளுக்கானது) இரண்டையும் பாருங்கள். மெடிகெய்டில் 21 வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பல் சிகிச்சை உண்டு. சில பள்ளிகளில் நடமாடும் குழு வந்து இலவசமாகவே போடும்; பள்ளியிலிருந்து வரும் அந்தக் காகிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சமூக சுகாதார மையங்களில் வருமானத்துக்கு ஏற்ற கட்டணம். பல் மருத்துவக் கல்லூரிகளில் விலை குறைவு, நேரம்தான் அதிகம்.

கையிலிருந்து கட்டுவதானால் எஃப்எஸ்ஏ, எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கென வரியில்லாமல் ஒதுக்கிவைக்கும் கணக்குகள்) பணத்தைப் பயன்படுத்தலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

5. போட்ட பிறகு

ஒவ்வொரு செக்கப்பிலும் சீலன்ட் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சீக்கிரமே பெயர்ந்துவிட்டால் இலவசமாகத் திரும்பப் போடுவார்களா என்பதை முதல் நாளே கேட்டு வைப்பது நல்லது. மகளுக்கு 30-ஆம் எண் பல்லில் ஓரம் உடைந்தது. கேட்டோம், காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்கள்.