யாகோன் உருளைக்கிழங்கு அல்ல: வளர்ப்பிலும் சமையலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நல்ல கிழங்காகப் பார்த்துத்தான் நட்டேன், முளைக்கவே இல்லை." யாகோன் என்னும் தென்னமெரிக்கக் கிழங்குச் செடியை வளர்க்க முயன்றவர்களிடம் நான் அடிக்கடி கேட்பது இதைத்தான். முதல் முறை நானும் அப்படியே செய்தேன். கையளவு பருத்த கிழங்கை மூன்று துண்டாக நறுக்கி, வெட்டுவாயில் சாம்பல் தடவி, உருளைக்கிழங்குக்குச் செய்வதுபோலப் பாத்தியில் வைத்தேன். ஐந்து வாரம் தண்ணீர் ஊற்றியபின் மண்ணைக் கிளறிப் பார்த்தால் மூன்றும் கூழாகிக் கிடந்தன.

பராமரிப்பில் குறை எதுவும் இல்லை. நாம் சாப்பிடும் யாகோன் கிழங்கில் கண்ணே கிடையாது. உருளைக்கிழங்கு மண்ணுக்குள் பருத்த தண்டு. அதனால் கண் உண்டு, முளை வரும். யாகோன் கிழங்கு பருத்த வேர். அதில் முளைக்கும் பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தைத் தோண்டிப் பாருங்கள். சிவப்பும் ஊதாவும் கலந்த நிறத்தில், இஞ்சிபோல முண்டும் முடிச்சுமாக ஒரு கொத்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழேதான் பழுப்புத்தோல் கிழங்குகள் விரித்த விரல்கள்போல நாலாபக்கமும் நீண்டு போகும். மேலே உள்ள முண்டு நடுவதற்கு. கீழே உள்ள கிழங்கு சாப்பிடுவதற்கு. நடவுக்கு வாங்கும்போது முண்டு என்றோ வேர்பிடித்த கன்று என்றோ கேட்டு வாங்குங்கள். விதையை நம்ப வேண்டாம். இந்தச் செடியில் முளைப்புத்திறன் உள்ள விதை கிடைப்பது அரிது.

நடவில் மட்டுமல்ல, அறுவடையிலும் அடுப்படியிலும் நடக்கும் பல தவறுகளுக்கு வேர் இதுதான்: இதை இன்னொரு உருளைக்கிழங்காக நினைத்துவிடுகிறோம். யாகோன் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகள்தான் அதற்குச் சொந்த ஊர். ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரம் வளரும். அகலமான இலை. கடைசியில் சூரியகாந்தியைச் சுருக்கி வைத்ததுபோலச் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள்.

இவ்வளவு பெரிதாகும் செடியை நெருக்கி நடுவது அடுத்த தவறு. கன்று சிறிதாக இருக்கும்போது இடம் வீணாகக் கிடப்பதுபோலத்தான் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். செடிக்குச் செடி ஏறக்குறைய ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கவே கூடாது. இறுகிய களிமண்ணில் கிழங்கு கோணலாகும், தோண்டும்போது உடையும். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை செழிக்கும், கிழங்கு ஏமாற்றும். மக்கிய உரமே போதும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உச்சிவெயிலில் இலைகள் துவண்டு தொங்குவதைப் பார்த்ததும் பலர் குடத்தை எடுத்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். சாயங்காலம் இலை தானாக நிமிர்ந்துவிடும். பல நாள் காயவிட்டுப் பிறகு ஒரேயடியாக ஊற்றினால்தான் கிழங்கு வெடிக்கும். காய்ந்த இலை, வைக்கோலால் மண்ணுக்கு மூடாக்குப் போட்டு ஈரத்தை ஒரே சீராக வைத்திருப்பது நல்லது.

சரி, எப்போது தோண்டுவது? நட்டு ஆறேழு மாதம் ஆகும். குளிர்ந்த இடங்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகும். பூவைப் பார்த்ததும் தோண்டிவிடுகிறவர்கள் உண்டு. கிழங்கு நன்றாகப் பருப்பது கடைசி வாரங்களில்தான். இலைகள் மஞ்சளாகிக் காயும்வரை காத்திருங்கள். உறைபனி விழும் ஊராக இருந்தால் பனியில் இலை கருகியதும் எடுக்கலாம். ஆனால் மண்ணே உறைந்துபோகும்வரை விட்டுவைக்கக் கூடாது.

தோண்டும்போது தண்டுக்குப் பக்கத்தில் மண்வெட்டியைப் போட்டீர்களோ, போச்சு. யாகோன் கிழங்கு கண்ணாடிபோல, லேசாக இடித்தாலும் 'டக்'கென்று ஒடியும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அந்த வருத்தம் தெரியும். முதலில் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். பிடித்துத் தூக்க அது கைப்பிடியாகும். பிறகு ஒன்றரை அடி தள்ளி, சுற்றிலும் முள்மண்வெட்டியால் மண்ணை நெகிழ்த்திவிட்டு, மிச்சத்தைக் கையாலேயே விலக்குங்கள். தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள், அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். உடைந்ததையும் கீறல் விழுந்ததையும் தனியே வைத்து முதலில் சாப்பிட்டுவிட வேண்டும். சேமித்து வைக்கப்போகும் கிழங்கைக் கழுவாமல் மண்ணை மட்டும் உதிர்த்து வையுங்கள்.

அந்த ஊதா முண்டுகளைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். அடுத்த பருவத்து நடவு அதில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று மொட்டாவது இருக்கும்படி துண்டாக்கி, வெட்டுவாய் ஒருநாள் காய்ந்தபின் நடலாம். கடுங்குளிர்காலம் உள்ள இடமானால், லேசான ஈரமணலில் புதைத்து, உறையாத இருட்டு மூலையில் வைத்திருந்து பிறகு நடலாம்.

தோண்டிய அன்றே கடித்துப் பார்த்துவிட்டு "சப்பென்று இருக்கிறதே" என்று ஒதுக்கிவிடுகிறார்களே, எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது அதுதான். யாகோன் மாவுச்சத்தைச் சேர்த்து வைப்பதில்லை. ஃப்ரக்டோ-ஒலிகோசாக்கரைடு என்னும் சர்க்கரைச் சங்கிலிகளாகச் சேர்க்கிறது. தோண்டியபின் இந்தச் சங்கிலிகள் மெல்ல மெல்ல அறுந்து ஃப்ரக்டோஸ், குளுக்கோஸ் போன்ற எளிய சர்க்கரைகளாக மாறும். அதனால் சில நாள் வெயிலில் வைத்தால் தோல் லேசாகச் சுருங்கி, இனிப்பு ஏறும். ஆண்டிஸ் மக்களுக்கு இது பழைய கைப்பக்குவம். வெயிலில் வைத்தால் சுவை கூடுகிறது என்று ஸ்பானியப் பாதிரியார் பெர்னாபே கோபோ 1653-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் இங்கேயே இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. அந்தச் சங்கிலிகளை நம் குடல் செரிப்பதில்லை என்பதால்தான் யாகோனைச் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது என்கிறார்கள். வெயிலில் இனிக்க வைத்த கிழங்கில் அந்தப் பாதுகாப்பு குறைந்துபோயிருக்கும். இனிப்பு வேண்டுமா, அந்தக் குணம் வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவதுதான் வேண்டுமென்றால், தோண்டியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் சாப்பிடுங்கள்.

இனி அடுப்படி. தோலோடு கடித்தால் பிசின்போன்ற ஒரு கசப்பு நாக்கில் நிற்கும், அதனால் தோலை முழுக்கச் சீவிவிடுங்கள். உள்ளே வெளிர்மஞ்சளாக, கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் சதை. கத்தி இறங்கியதுமே பலகையில் சாறு ஓடும். சில நிமிடம் அப்படியே விட்டால் பழுப்பேறிவிடும் என்பதால், பக்கத்தில் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை வைத்துக்கொண்டு நறுக்க நறுக்க அதில் போடுங்கள். சாலட் என்றால் உப்பைப் பரிமாறும்போது போடுங்கள். முன்பே போட்டால் தட்டில் தண்ணீர்தான் நிற்கும்.

வேகவைத்து மசிக்கலாம் என்று அடுப்பில் ஏற்றுபவர்களும் ஏமாந்துபோவார்கள். மாவுச்சத்து இல்லாத கிழங்கு எவ்வளவு வெந்தாலும் மாவாகக் குழையாது. மொறுமொறுப்பைப் பெரும்பாலும் விடாமல் வைத்திருக்கும். அந்த மொறுமொறுப்புதான் அதன் அழகு. மற்ற காய்கள் வெந்தபின் கடைசி மூன்று நான்கு நிமிடம் சேர்த்து வதக்கினாலே போதும். இனித்த கிழங்கை எண்ணெயில் பொரித்தால் உள்ளே ஈரம் வற்றும் முன்பே வெளியே கருகிவிடும், கவனம். சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுப்பவர்கள் மெல்லிய தீயில் பொறுமையாக வற்றவிட வேண்டும். 120 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் அந்தச் சங்கிலிகள் சிதைந்துவிடும்.

சுவையாக இருக்கிறதே என்று முதல் நாளே ஒரு கிழங்கை முழுதாகச் சாப்பிட்டுவிடாதீர்கள். நாம் செரிக்காததைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கும். வாயு, உப்புசம், சிலருக்கு வயிற்றுப்போக்கு. நாலைந்து துண்டில் தொடங்கி, வயிறு பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம். சூரியகாந்திக் குடும்பச் செடிகள் ஒவ்வாதவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

அப்புறம் இலைத் தேநீர். கிழங்கு நல்லதென்றால் இலையும் நல்லதாகத்தான் இருக்கும் என்று தினமும் கொதிக்க வைத்துக் குடிப்பவர்களைப் பார்க்கிறேன். இலையில் இருக்கும் வேதிப்பொருள்கள் வேறு. இலைச் சாற்றை நெடுநாள் கொடுத்த எலிகளில் சிறுநீரகப் பாதிப்பு ஆய்வில் தெரியவந்திருக்கிறது. என் தோட்டத்தில் யாகோன் இலை முழுதும் உரக்குழிக்குத்தான் போகிறது.