செட்டிநாட்டு வீடுகளுக்கு மின் பாதுகாப்புச் சோதனை: காசும் போய், வேலையும் நடக்காத இடங்கள்

காரைக்குடிப் பக்கம் பெரிய வீட்டுக்கு மின் சோதனை செய்ய ஆள் கூப்பிட்டால், எடுத்தவுடன் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்றுதான். அதைக் கேட்கத்தான் வேண்டும், ஆனால் இரண்டாவதாக. "எதையெல்லாம் அளந்து எழுதித் தருவீங்க?" என்பதற்குப் பதில் வரும்வரை இரண்டு பேர் சொல்லும் தொகையை ஒப்பிடவே முடியாது. ஒருவர் டெஸ்டரோடு வந்து சுவிட்சைத் தட்டிப் பார்க்க விலை சொல்கிறார். இன்னொருவர் மெக்கர் (ஒயர் உறையின் தாங்குதிறனை அளக்கும் கருவி) வைத்து சர்க்யூட் சர்க்யூட்டாக, அதாவது ஒரு ஃபியூஸில் ஓடும் ஒயர் வழி ஒவ்வொன்றாக, அளக்க விலை சொல்கிறார். முதலாமவர் மலிவாகத்தான் இருப்பார்.

"லைட்டெல்லாம் நல்லா எரியுதே தம்பி, அப்புறம் எதுக்குச் செக்கிங்?" என்று ஆச்சிமார் கேட்பார்கள். பழைய வீடுகளில் இன்னும் மரச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்த ரப்பர் ஒயர் ஓடுகிறது. ரப்பர் காய்ந்து உதிர்ந்தாலும், எலி கடித்தாலும், செம்பு அறுபடாதவரை விளக்கு எரியும். பொறி பறந்தால் பற்றிக்கொள்ளப் பக்கத்திலேயே பர்மாத் தேக்கு உத்திரம். விளக்கு எரிவது ஒயர் அறுபடவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

ஒயரின் உறை நன்றாக இருக்கிறதா என்பதை மெக்கர்தான் சொல்லும். லைனுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் டி.சி. ஒரு நிமிடம் கொடுத்தால் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறை வீட்டு மின்சாரத்துக்கு வைத்திருக்கும் அளவு இது. இதைச் செய்ய சப்ளையை நிறுத்தி, பல்பு, டிவி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். முகப்பு, வளவு (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி, மேல்மாடி என்று ஓடும் வீட்டில் இரண்டு ஆளுக்கு முழு நாள் வேலை. ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் எதை அளக்கப் போகிறார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

விலையில் அடுத்த குழப்பம் 'பாயின்டுக்கு இவ்வளவு' என்பது, அதாவது லைட், ஃபேன், சாக்கெட் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. புது ஒயரிங்குக்கு அந்தக் கணக்கு சரி, சோதனைக்குச் சரிப்படாது. சோதனை சர்க்யூட் கணக்கில்தான் நடக்கும். பழைய வீட்டில் ஏழெட்டு அறை ஒரே பீங்கான் ஃபியூஸில் தொங்கும். பாயின்ட் எண்ணிக்கை ஏகத்துக்கு இருக்கும், சர்க்யூட் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். மறுபக்கம், எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்று யாருக்கும் தெரியாது. அதைத் தேடிப் பெயர் எழுதவே பாதி நாள் போகும். ஆகவே தேடிக் குறிக்கும் கூலி, அளக்கும் கூலி, மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ஆள் வந்தால் பயணச் செலவு, மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பேரம் பேசுவதாக இருந்தால் முதலாவதில் பேசலாம். அளக்கும் கூலியில் கை வைத்தால், குறைத்த காசுக்கு ஏற்ப அளவும் குறையும்.

இலவசமாகப் பார்த்துத் தருகிறேன் என்பவர் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவருக்கு வருமானம் பிறகு வாங்கும் சாமானில். 'எல்லாத்தையும் பிடுங்கிப் புதுசா ஒயரிங் பண்ணணும்' என்பதுதான் பெரும்பாலும் அவர் அறிக்கையாக இருக்கும், அதையும் வாயால்தான் சொல்வார். சோதிக்கிறவர் ஒருவர், பழுது பார்க்கிறவர் ஒருவர் என்று பிரித்து வைத்தால் சோதனைக் கூலி அதிகமாகத் தெரியும். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சை வீணாக வெட்டாமல் தப்பித்தால் அந்தக் கூலி எம்மாத்திரம்?

எர்த் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். பழைய இரண்டு பின் பிளக் இருந்த இடத்தில் மூன்று பின் சாக்கெட்டை மாட்டி, எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, எர்த் பின்னை நியூட்ரலோடு உள்ளேயே ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். மூன்று லைட் எரியும் சாக்கெட் டெஸ்டரைச் செருகினால் 'சரி' என்றே காட்டும். என்றைக்காவது அந்த நியூட்ரல் வழியில் அறுந்தால், கிரைண்டர் உடம்பு முழுக்க லைன் ஏறி நிற்கும். ஐந்தாறு சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்கிறவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

எர்த் குழியின் ஓம் அளவை எந்த மாதத்தில் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். நம் பக்கம் செம்மண், அடியில் செம்புராங்கல். ஐப்பசி மழையில் ஈரமாக இருக்கும்போது குறைவாகக் காட்டும் குழி, சித்திரை வெயிலில் பல மடங்கு ஏறிவிடும். கோடையில் அளந்து 5 ஓமுக்குள் வந்தால் நிம்மதி.

ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டியாச்சு, இனிக் கவலை இல்லை என்பது புதுசாகக் கிளம்பியிருக்கும் நம்பிக்கை. ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுவது, அதாவது துண்டிப்பது. 100, 300 என்று போட்டிருந்தால் அது தீ விபத்துக்கான காவல். பங்காளிகளுக்குத் தனித்தனி மீட்டர் இருக்கும் சில வீடுகளில் ஒருவர் லைன் இன்னொருவர் நியூட்ரலில் போய்க் கலந்திருக்கும், இன்வெர்ட்டர் போட்டபோதும் இதே கலப்பு நடக்கும். 30 மாட்டினால் அடிக்கடி விழும். கலப்பைத் தேடிப் பிரிக்காமல் 100 மாட்டிவிட்டு, அல்லது ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேர் ஒயர் கொடுத்துவிட்டு, 'சரி பண்ணியாச்சு' என்று பில் போடுவார்கள். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டன் உள்ளே இயந்திரம் நகர்கிறதா என்று மட்டுமே காட்டும். சோதிக்க வருபவர் கருவியால் கசிவு கொடுத்து, 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி செகண்டுக்குள் விழுகிறதா என்று நேரத்தை எழுதித் தர வேண்டும்.

பீங்கான் ஃபியூஸைக் கழற்றி 32 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்) மாட்டுவதும் இதே ரகம். உள்ளே ஓடுவது பழைய மெல்லிய ஒயராகவே இருந்தால், எம்.சி.பி. விழுவதற்கு முன் ஒயர் வெந்துவிடும். புது ஏ.சி.க்குத் தனி ஒயர், தனி எம்.சி.பி. என்பதை அறிக்கை சொல்ல வேண்டும்.

அறிக்கை என்றதும் 'ஓகே, ஓகே' என்று டிக் அடித்த தாளை நீட்டினால் வாங்காதீர்கள். சர்க்யூட் பெயர், மெகா ஓம், எர்த் ஓம், ஆர்.சி.சி.பி. விழுந்த நேரம், கருவியின் எண், அது கடைசியாக கேலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) ஆன தேதி, கையெழுத்து, லைசென்ஸ் எண் எல்லாம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒயர்மேனுக்கு 'பி', சூப்பர்வைசருக்கு 'சி' சான்றிதழ். முன்பணம் கொடுக்கும் முன்பே அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பந்தல்காரர் சீரியல் செட் கட்டும்போது சோதனைக்கு ஆள் கூப்பிடுவது வீண். வீடு நிறைய சனம், சப்ளையை நிறுத்தவே விடமாட்டார்கள். ஒரு மாதம் முன்னால் வைத்தால்தான் பழுது பார்க்கவும் நாள் கிடைக்கும்.

பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில் செலவைப் பிரிப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. ஊரில் இருக்கும் புள்ளி (பங்குள்ள குடும்பம்) தன் அறைகளை மட்டும் சோதித்துக்கொள்கிறது, மெயின் போர்டும் எர்த் குழியும் யார் கணக்கிலும் வருவதில்லை. அவை பொதுச் செலவு, அறை சர்க்யூட் அவரவர் செலவு என்று முதலிலேயே பேசி, அறிக்கையின் படத்தைச் சென்னையில் இருப்பவருக்கும் சிங்கப்பூரில் இருப்பவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், பணம் கேட்கும்போது கேள்வி வராது.