டேங்கை நிரப்பும் முன் ஆட்களின் எடையைக் கூட்டுங்கள்

விமானத்தில் நான்கு இருக்கை இருக்கிறது என்பதற்காக நான்கு பேரையும் ஏற்றி, டேங்கையும் முழுக்க நிரப்பிவிட முடியாது. சிறிய விமானங்களில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக நடக்காது.

செஸ்னா 172எஸ் என்ற நான்கு இருக்கை விமானம் கிளம்பும்போது அதிகபட்சம் 1,157 கிலோ இருக்கலாம். வெறும் எடை 770 கிலோ என்று வைத்துக்கொள்வோம் (விமானத்துக்கு விமானம் மாறும், உங்களுடையதன் எடைப் பதிவைப் பாருங்கள்). மீதி 387. பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் சுமார் 200 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 144 கிலோ. மிச்சம் 243 கிலோ. 80 கிலோ ஆட்கள் மூன்று பேர் ஏறினாலே சரி, பயணப் பைக்குக்கூட இடமில்லை.

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். நான்கு பேர் 320 கிலோ. பெட்ரோலுக்கு 67 கிலோ, அதாவது 93 லிட்டர். மணிக்கு 35 லிட்டர் செலவானால், அவசரத்துக்கென்று தொடாமல் வைக்கும் அரை மணி நேர இருப்பு போக இரண்டு மணி நேரம் பறக்கலாம். இரவில் இருப்பு கூடுதலாக வேண்டும். தூரம் அதிகமா? வழியில் இறங்கி நிரப்புங்கள், அல்லது ஒருவரை விட்டுப் போங்கள். இருப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இதையெல்லாம் பெட்ரோல் வண்டி வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஊற்றுவது சுலபம், வடிப்பது பெரும்பாடு. அப்புறம், மொத்த எடை சரியாக இருந்தாலும் பின்சீட்டில் கனமானவர்கள் உட்கார்ந்தால் ஈர்ப்பு மையம் (விமானத்தின் மொத்த எடையும் சமநிலையாகும் புள்ளி) பின்னால் போகும். அதைத் தனியாகப் பாருங்கள்.