ஊட்டி வீட்டுத் தோட்டம்: மார்ச்சில் விதைத்து மழைக்கு முன் பறிப்பது எப்படி?

பிப்ரவரி முடியும்வரை விதைப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். ஊட்டியில் பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு அதுவரை உறைபனி பயம் உண்டு. பீன்ஸ் முளை ஒரே இரவில் கருகிவிடும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பனி குறைவு, கொஞ்சம் முன்னாலேயே தொடங்கலாம். மற்றவர்களுக்கு மார்ச் முதல் வாரம் சரி. ஜூனில் தென்மேற்குப் பருவமழை கனப்பதற்குள் பெரும்பாலானது சமையலறைக்கு வந்துவிடும்.

1. மண்ணின் புளிப்பை எடுங்கள்

பிப்ரவரியில் செய்ய வேண்டிய வேலை இதுதான். மலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் உரத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள், புளிப்பைக் கண்டுகொள்வதில்லை. காலங்காலமாகப் பெய்த மழை சுண்ணாம்புச் சத்தை அடித்துக்கொண்டு போனதால் நீலகிரி மண் அமில மண். இதில் பீட்ரூட் தேறாது. முட்டைகோஸ் வேர் வீங்கி, செடி வாடும்.

சரிவுக்குக் குறுக்காகப் பாத்தி கட்டுங்கள். மேலிருந்து கீழாகக் கட்டினால் முதல் மழையிலேயே மேல்மண் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். 10 அடி நீளம், 3 அடி அகலப் பாத்தியை ஓரடி ஆழம் கொத்தி, உரக்கடையில் கிடைக்கும் டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் அரைக் கிலோவைத் தூவிக் கலந்து, மூன்று வாரம் விடுங்கள். தொழுவுரத்தை இதோடு சேர்த்துப் போட வேண்டாம், தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். விதைப்புக்கு ஒரு வாரம் முன்பு, நன்றாக மக்கியதாகப் பார்த்து இரண்டு கூடை போடுங்கள். மக்காத சாணத்தில் கேரட் இரண்டு மூன்று காலாகப் பிரிந்து வளரும்.

2. விதைப்பு

முதலில் கேரட், அதற்குத்தான் நாள் அதிகம். அரை அங்குல ஆழக் கோடு கிழித்து, விதையோடு மணல் கலந்து தூவி, மெல்லிய மண் மூடுங்கள். முளைக்க இரண்டு வாரம்கூட ஆகும். அதுவரை பாத்தி காயவே கூடாது. ஈரச்சாக்கைப் போர்த்திவைத்து, முளை தெரிந்ததும் எடுத்துவிடலாம். செடி விரல் உயரம் வந்ததும் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று விட்டு மற்றதைப் பிடுங்குங்கள். மனசு வராதுதான், ஆனால் பிடுங்காவிட்டால் கிழங்கு பருக்காது.

பீட்ரூட்டில் ஒரு விதையிலேயே இரண்டு மூன்று முளை வரும், அதையும் கலைக்க வேண்டும். முள்ளங்கியும் செடி பீன்ஸும் தொல்லையில்லாதவை. உருளைக்கிழங்கை முதல் வருடம் விட்டுவிடுங்கள்: வேரைத் தாக்கும் நூற்புழுவின் தொல்லை இந்த மலையில் 1961லேயே கண்டறியப்பட்டது, இலையைக் கருக்கும் பின்பருவக் கருகல் நோயும் உண்டு.

3. தண்ணீரும் காவலும்

மார்ச், ஏப்ரலில் ஊட்டியில் குழாய்த் தண்ணீரே இழுபறி. காலையில் பூவாளியால் ஊற்றி, செடிகளுக்கு நடுவே காய்ந்த இலைச்சருகு பரப்புங்கள். நாள்கணக்கில் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் கேரட் வெடிக்கும்.

சமையல் கழிவைத் தோட்டத்தில் திறந்துபோடாதீர்கள். காட்டுப்பன்றிக்கு அது அழைப்பிதழ். முள்ளம்பன்றி கிழங்குக்காக இரவில் வரும், கம்பி வலையின் அடியைப் புதைத்துக் கட்டுங்கள். காட்டெருமை வந்தால் விரட்டப் போகாமல் கதவைச் சாத்துங்கள், பீன்ஸ் போனால் போகட்டும்.

4. பறிப்பு

முள்ளங்கி 40 நாளில் தயார், தாமதித்தால் நெட்டியாகிவிடும். பீட்ரூட் இரண்டரை மாதத்தில் எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும்போது எடுங்கள். கேரட்டை விரல் பருமனில் இருந்தே ஒன்றுவிட்டு ஒன்று பிடுங்கலாம், முழுசாக வர 100 நாள். தலை மண்ணுக்கு மேலே தெரிந்தால் மண் அணைத்துவிடுங்கள், வெயில் பட்ட இடம் பச்சையாகிக் கசக்கும். பிடுங்கியதும் தழையை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது கிழங்கின் ஈரத்தை இழுத்து வதக்கிவிடும்.

பீன்ஸ் இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். விதை புடைக்கும் முன், மடக்கினால் 'டக்'கென ஒடிகிற பதத்தில், இரண்டு நாளுக்கு ஒருமுறை பறியுங்கள். ஒரு காயை முற்றவிட்டாலும் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும்.