ஆர்எக்ஸ் 100 இன்ஜினை வீட்டிலேயே கட்டப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985இல் வந்தது, 1996இல் நின்றது. கடைசி வருடத்து வண்டிக்கே வயது முப்பதை ஒட்டுகிறது. ஆனாலும் ஊருக்கு நாலு வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அப்பா ஓட்டியதை மாட்டுக்கொட்டகையிலிருந்து இழுத்து வந்து மகன் துடைத்துக்கொண்டிருக்கிறான். 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், 11 குதிரைத்திறன், போரும் (பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 50 மி.மீ. கேம் கிடையாது, டைமிங் செயின் கிடையாது, ஹெட்டில் வால்வு கிடையாது. இந்த எளிமையை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் பலர் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள். கழற்றுவது சுலபம்தான். கட்டி முடித்த இன்ஜின் இருநூறு கிலோமீட்டருக்குள் மறுபடி ஜாம் ஆவது அதைவிடச் சுலபம். போன பாகத்தை மாற்றிவிட்டு, அது ஏன் போனது என்று பார்க்காமல் விடுவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது.

ஸ்பேனர் எடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். இன்ஜின் நம்பர், கிராங்க் இருக்கும் அடிக்கூடான கிராங்க் கேஸில்தான் குத்தியிருக்கும். கேஸ் உடைந்திருக்கிறது என்று சென்னைப் புதுப்பேட்டையிலோ வேறெங்கோ பழைய கேஸ் ஒன்றை வாங்கி மாட்டினால், வண்டியின் நம்பரே மாறிவிடும். சோதனையில் நிறுத்தினால் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேஸ் திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் பேச்சே வேறு. இரு சக்கர வண்டிக்குப் பதிவு 15 வருடம். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் கிடக்கும் வண்டியின் இன்ஜினில் பணத்தைக் கொட்டிவிட்டு, பிறகு பேப்பருக்காக அலைபவர்கள் நிறையப் பேர். பேப்பர் தேறுமா என்று முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்துவிட்டு வந்து ஹெட்டில் கை வையுங்கள்.

கழற்றும்போது நடக்கும் சேதம் பாதி ஸ்க்ரூ தலையில்தான். சைடு கவரில் இருக்கும் ஸ்டார் ஸ்க்ரூக்கள் ஜப்பான் அளவு. நம் ஊர் ஸ்க்ரூடிரைவரின் முனை அதில் அடிவரை உட்காராது. அழுத்தித் திருகினால் வழுக்கித் தலையை வழித்துவிடும். சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்குங்கள். சேர்ந்தாற்போல ஆர்எக்ஸுக்கான மேக்னெட் புல்லரும் (கிராங்க் முனையிலிருக்கும் காந்தச் சக்கரத்தை உருவும் கருவி) வாங்குங்கள். மேக்னெட்டை இரண்டு பக்கமும் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்புவது, கிராங்க் முனையில் சுத்தியலால் தட்டுவது, இரண்டும் கிராங்க்கைக் கோணலாக்கும் வேலை. கேஸ் பிரிய மறுத்தாலும் அதே கதைதான். இரண்டு கேஸுக்கும் நடுவே உளி கொடுக்காதீர்கள். பிரிய மாட்டேன் என்றால் எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அழுக்குக்குள் ஒளிந்திருக்கும், தேடுங்கள். இன்ஜினை இறக்குவதற்கு முன்பே டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவியிருந்தால் அந்தத் தேடலே இருக்காது.

ஹெட்டும் பேரலும் (சிலிண்டர்) வெளியே வந்ததும் முக்கால்வாசிப் பேர் பழைய பிஸ்டனைத் தூக்கி ஓரமாக எறிகிறார்கள். எறியாதீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அதில்தான் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். கீறல் சைலன்சர் பக்கம் மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது: கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கும், அல்லது ஆயில் போதாமல் போயிருக்கும். சுற்றளவு முழுக்கப் பட்டை பட்டையாகக் கீறியிருந்தால் ஆயில் வரவே இல்லை. நாலு இடத்தில் மட்டும் செங்குத்தாகத் தேய்ந்திருந்தால், போர் இறுக்கமாக அடிக்கப்பட்டது அல்லது காலையில் ஸ்டார்ட் செய்தவுடனே முறுக்கி ஓட்டப்பட்டது. கார்புரேட்டர் பக்கத்தில் பளபளப்பு போய் மங்கலாக, மணல்தாள் தேய்த்தது போல இருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. தலையில் ஓட்டை விழுந்திருந்தால் இக்னிஷன் டைமிங்கையும் கார்புரேட்டரையும் இரண்டையுமே சந்தேகப்பட வேண்டும். இதையெல்லாம் பார்த்து ஒரு முடிவுக்கு வராமல் புதுப் பிஸ்டன் வாங்கினால், பழைய நோய்க்கு இன்னொரு பிஸ்டனைப் பலி கொடுக்கிறீர்கள்.

அடுத்து, பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட். பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். இம்மியளவு ஆட்டம்கூடக் கூடாது. மேல் முனையைப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதைப் பார்த்து "கிராங்க் போச்சு" என்று பயமுறுத்தும் மெக்கானிக்கும் உண்டு. அந்த ஆட்டம் 2 மி.மீ.யைத் தாண்டினால்தான் ராட் கிட் மாற்றும் நேரம். அது வீட்டு வேலை இல்லை. கிராங்க்கைப் பிரஸ்ஸில் போட்டுப் பிரித்து, புதுப் பின்னும் ராடும் ஏற்றி, டயல் கேஜ் வைத்து நேராக்க வேண்டும், சுற்றும்போது தெரியும் கோணல் 0.03 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். "கண்ணாலேயே பார்த்து நேராக்கிடுவேன்" என்று சொல்லும் பட்டறையிலிருந்து கிராங்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

போர் அடிக்க, அதாவது பேரலின் உள்சுவரைக் கடைந்து அடுத்த அளவுப் பிஸ்டனுக்குப் பெரிதாக்க, லேத்துக்குப் போகும்போது பேரலை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம்.

"அண்ணே, அம்பது ஓவர்சைஸ் போர் அடிச்சிருங்க."

"பிஸ்டன் எங்க தம்பி?"

"அது அடுத்த வாரம் வந்துரும்ண்ணே. நீங்க அடிச்சு வைங்க."

நல்ல லேத்துக்காரர் பேரலைத் தொடவே மாட்டார். மற்றவர் அடித்துக் கொடுத்துவிடுவார். பெட்டியில் 0.50 ஓவர்சைஸ் என்று போட்டிருப்பதால் பிஸ்டன் அதே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கம்பெனிக்குக் கம்பெனி நூற்றில் ஓரிரு பங்கு மி.மீ. மாறும். பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே வேண்டிய இடைவெளியே 0.04 மி.மீ. அளவுதான் என்னும்போது, அந்த ஓரிரு பங்கு போதும் ஜாம் ஆக. பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்து, அதை மைக்ரோமீட்டரில் அளந்து அதற்குத் தக்கபடி அடிக்கச் சொல்லுங்கள். அளப்பது பிஸ்டன் பாவாடையின் (ரிங்குக்குக் கீழே உள்ள சுவர்) கீழ்ப்பகுதியில், பின்னுக்குக் குறுக்கே. மேலே அளந்தால் கணக்கு தப்பும், ஏனென்றால் பிஸ்டன் தலைப்பக்கம் சற்றுச் சிறுத்திருக்கும்.

ஓவர்சைஸ் 0.25, 0.50, 0.75, 1.00 என்று படிப்படியாக உண்டு. கீறல் எந்த அளவில் மறைகிறதோ அங்கேயே நில்லுங்கள். ஒரேயடியாக ஒரு மில்லிமீட்டர் அடித்தால் அதற்கப்புறம் ஸ்லீவ் மாற்றுவதுதான் வழி. "பெரிய போர் அடிச்சா பிக்கப் எகிறும்" என்பது டீக்கடைப் பேச்சு. சிசி கூடுவது நாலைக்கூடத் தொடாது.

போர் அடித்ததும் போர்ட் (பேரல் சுவரில் கலவையும் புகையும் போகும் வாய்) விளிம்புகள் கத்தி மாதிரி கூர்மையாக நிற்கும். அவற்றை லேசாக மழுக்கிவிட வேண்டும். நாலு ஸ்ட்ரோக் வண்டிகளையே போர் அடித்துப் பழகிய பட்டறைகள் இதை மறந்துவிடும், ஏனென்றால் அந்தப் பேரல்களில் போர்ட்டே கிடையாது. மழுக்காத விளிம்பில் பிஸ்டன் ரிங் சிக்கினால் ஒடிந்து உள்ளே சுற்றும். பேரலை வாங்கும்போதே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று பிடித்தால் திரும்பக் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்ரோலில் கழுவி அப்படியே மாட்டிவிடாதீர்கள். ஹோனிங் (போரைத் தேய்த்து முடிக்கும் வேலை) விட்டுப்போன தூள் பெட்ரோலுக்கு முழுசாகப் போகாது. சுடுதண்ணீரும் சோப்புத்தூளும் பிரஷ்ஷும் போட்டுத் தேயுங்கள், வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் போகும் வரை. காய்ந்த உடனே ஆயில் தடவுங்கள். இல்லாவிட்டால் அரைமணியில் துரு பூக்கும்.

இன்ஜினைக் கண்ணாடி மாதிரி மின்ன வைக்க மணல் அடிக்கக் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேரிங் வீட்டிலும் ஆயில் துளையிலும் தங்கும் ஒரு சிட்டிகை மணல் போதும், செய்த செலவெல்லாம் வீண். அடித்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு துளையையும் காற்றடித்து, கம்பி விட்டுப் பாருங்கள்.

பிஸ்டன் மாட்டுவதில் சிலது சின்னச் சின்ன விஷயம். தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம். ரிங்கில் எழுத்து இருந்தால் அது மேலே பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்தில் ஒரு குட்டிப் பின் இருக்கும், ரிங்கின் இரண்டு முனையும் அதை அணைத்தாற்போல உட்கார வேண்டும். மாட்டும் முன் ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். இந்தப் போருக்கு 0.2 மி.மீ. சுற்றி இருந்தால் சரி. பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் சர்க்கிளிப், பழசை மறுபடி போடவே கூடாது. கழற்றும்போதும் மாட்டும்போதும் கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடைத்து வையுங்கள். சர்க்கிளிப் துள்ளி உள்ளே விழுந்தால் மொத்த இன்ஜினையும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

இனி, வீட்டில் கட்டுகிறவர்கள் அடியோடு விட்டுவிடும் வேலை. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் ஒரு பம்ப். பெட்ரோலும் காற்றும் அதற்குள் வந்துதான் மேலே போகின்றன. எங்காவது ஊசித்துளை இருந்தால் அது வழியாக வெறும் காற்று உள்ளே ஏறும். கலவை வறண்டு பிஸ்டன் கீறும். மேக்னெட் பக்க ஆயில் சீல் போனால் இதுதான் நடக்கும். கிளட்ச் பக்க சீல் போனால் வேறு மாதிரி: கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும், வெள்ளைப் புகை ஓயாது, கியர் ஆயில் மட்டம் காரணமில்லாமல் குறையும். புகையைப் பார்த்துவிட்டுப் போரைச் சந்தேகப்பட்டு ரீபோர் அடித்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். இரண்டு சீலும் விலை கம்மி. இன்ஜின் பிரிந்திருக்கும்போது மாற்றாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

மாற்றினால் மட்டும் போதாது, சோதிக்கவும் வேண்டும். இதற்கு நான் சிபாரிசு செய்வது வீட்டில் கிடக்கும் பழைய பிபி மெஷின். அதன் முள் 300 (மி.மீ. பாதரசம்) வரை போகும். அது ஏறக்குறைய 5.8 பிஎஸ்ஐ, இந்தச் சோதனைக்கு வேண்டிய அழுத்தம் அவ்வளவேதான். கைப்பட்டையைக் கழற்றிவிட்டு, ரப்பர் பல்பும் டயலும் இருக்கும் குழாயை, உள்ளே பீங்கான் எடுத்த பழைய ஸ்பார்க் பிளக்கில் இறுக்கிச் செருகுங்கள். கார்புரேட்டர் ரப்பரையும் சைலன்சர் வாயையும் சைக்கிள் டியூப் துண்டு வைத்து அடையுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கினால் போர்ட்டுகள் திறந்து, மேலும் கீழும் ஒரே அறையாகிவிடும். மெதுவாக அமுக்கி 300க்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் ஏற்றினால் சீல் பிதுங்கும். முள் ஐந்து நிமிடம் ஏறத்தாழ நின்ற இடத்தில் நின்றால் இன்ஜின் தேறியது. இறங்கினால் சோப்பு நுரையை பிரஷ்ஷில் தொட்டு, பேரல் அடி, கேஸ் இணைப்பு, கார்புரேட்டர் ரப்பர், மேக்னெட்டைக் கழற்றிய இடத்தில் தெரியும் சீல் எல்லாவற்றிலும் தடவுங்கள். வெளியில் எங்கும் குமிழ் இல்லை, ஆனாலும் முள் இறங்குகிறதா? கியர் ஆயில் ஊற்றும் துளை வாயில் நுரைப் படலம் ஒன்று இழுத்துவிடுங்கள். அது மெல்ல மேலே உப்பினால் கிளட்ச் பக்க சீல்தான்.

கசிவைப் பயந்து பேரல் அடியில் சிலிக்கான் பேஸ்ட்டை அப்புவதும் தவறுதான். பிதுங்கிய பேஸ்ட் உள்பக்கம் கிழிந்து போர்ட்டில் போய் நிற்கும். அங்கே நல்ல பேப்பர் கேஸ்கெட் போதும். கேஸ் இரண்டையும் சேர்க்கும் இடத்தில் மட்டும், அதுவும் மெல்லிசாக, பேஸ்ட் தடவுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில், டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். கை பலத்தைக் காட்டினால் அலுமினிய திரெட் கழன்றுவரும்.

இன்ஜினுக்குத் தானாக ஆயில் ஊட்டும் பம்ப் இன்னும் இருக்கும் வண்டியில், பிரித்தபோது குழாயில் காற்று புகுந்திருக்கும். காற்றை வெளியேற்றாமல் கிக்கரை உதைத்தால் முதல் கிலோமீட்டர்கள் ஆயிலே இல்லாமல் ஓடும். பம்பின் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் நிற்கும் வரை ஆயிலை வழியவிடுங்கள். அது போதாதென்று முதல் டாங்க்குக்கு மட்டும் லிட்டருக்கு 20 மில்லி 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலை பெட்ரோலிலேயே கலந்துவிடுங்கள். கொஞ்சம் புகையும், புகையட்டும். பம்பையே கழற்றிப் போட்டவர்கள் எப்போதும் கலந்தே ஊற்ற வேண்டும். அவர்கள் இறக்கத்தில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை முழுசாக மூடிக்கொண்டு இறங்கக் கூடாது, பெட்ரோல் நின்றால் ஆயிலும் நிற்கும். கிளட்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது நடுநடுவே ஒரு முறுக்கு கொடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டில் நின்ற இடத்திலேயே அரைமணி ஐட்லிங் விடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. காற்றில் குளிரும் இன்ஜினுக்கு அது கெடுதல். சில நிமிடம் ஓடவிட்டு, ஃபின் சூடேறியதும் அணைத்து, முழுக்க ஆறவிடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து, கடைசியாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் பாருங்கள். முதல் 500 கிலோமீட்டரில் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். நாலாவது கியரில் முக்கவிட்டு மேடு ஏற்றுவது, முறுக்கி எடுப்பதைவிட மோசம். அடைத்துக் கிடக்கும் பழைய சைலன்சரைச் சுத்தம் செய்யாமல் மாட்டியிருந்தால் இந்தக் கட்டத்தில்தான் வண்டி இழுக்காது. அதற்காக உடனே கார்புரேட்டர் ஜெட்டில் கை வைக்காதீர்கள், முதலில் சைலன்சர் உள்குழாயை உருவிக் கரியைச் சுரண்டுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். வெளுத்திருந்தால் வண்டியை மேலே ஓட்டாமல் கார்புரேட்டர் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பிபி மெஷினை மறுபடி வெளியே எடுங்கள்.