லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் முத்திரைகளை வாசிக்கும் முறை

நம் ஊர்க் காவல் நிலையங்களில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று தலைமுறைகளாக அறியப்பட்ட துப்பாக்கியின் முறையான பெயர் லீ-என்ஃபீல்டு. 1907இல் பிரிட்டிஷ் படைகளுக்காக ஏற்கப்பட்ட அதன் மூன்றாம் மாதிரியும், 1916இல் வந்த அதன் எளிமையாக்கப்பட்ட வடிவமும் இரண்டு உலகப்போர்களில் பயன்பட்டவை. ஆகவே சேகரிப்பாளர் கையில் கிடைக்கும் ஒன்றின் மேல் பத்துப் பதினைந்து முத்திரைகள் இருப்பது இயல்பே. அவற்றை வாசிக்கும்போது, எந்தக் குறி துப்பாக்கி உருவானபோது விழுந்தது, எது பின்னால் சேர்ந்தது என்று பிரித்தறிவதே முதல் வேலை என்று நான் கருதுகிறேன். அதைச் செய்யாமல் கண்ணில் பட்ட ஓர் ஆண்டை மட்டும் வைத்து விலை பேசுவோர் ஏமாறுகிறார்கள்.

தொடங்குமுன் தோட்டாப் பெட்டியான மகசீனைக் கழற்றி, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இந்தியாவில் சுடக்கூடிய நிலையில் உள்ள இத்துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். பழையது என்பதால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது. பிறகு, மெல்லிய பருத்தித் துணியில் சிறிது எண்ணெய் தொட்டு அழுக்கைத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். மரத்தில் அழுந்திய குறிகளை மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுக்கலாம். கம்பித் தூரிகையையும் உப்புத்தாளையும் தயவுசெய்து அருகில் கொண்டுவராதீர்கள். அவை ஒருமுறை அழித்த முத்திரை திரும்ப வராது.

முதன்மையான முத்திரை, ட்ரிக்கருக்குப் பின்னால் பின்கட்டை இரும்புக்குள் நுழையும் இடத்தில், வலப்புறம் இருக்கும். மேலே கிரீடம், அதன்கீழ் அரசரின் பெயரெழுத்துகள், பிறகு தொழிற்சாலையின் பெயர், ஆண்டு, மாதிரி என்ற வரிசையில் அது அமையும். ‘ஈ.ஆர்.’ என்பது ஏழாம் எட்வர்டைக் குறிக்கும். அவர் 1910இல் இறந்தார். ‘ஜி.ஆர்.’ என்பது ஐந்தாம் ஜார்ஜுக்கும் ஆறாம் ஜார்ஜுக்கும் பொது. தொழிற்சாலையின் இடத்தில் என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ. (பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்), எல்.எஸ்.ஏ. (லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ்) ஆகியவை இங்கிலாந்தையும், லித்கோ என்பது ஆஸ்திரேலியாவையும், இஷாப்பூர் என்பது கொல்கத்தாவுக்கு அருகில் ஹூக்ளிக் கரையில் உள்ள நம் அரசுத் தொழிற்சாலையையும் சுட்டும். இஷாப்பூர்த் துப்பாக்கிகளில் ‘ஜி.ஆர்.ஐ.’ என்று மூன்றாவது எழுத்து கூடுதலாக வரும். அரசரே இந்தியாவின் பேரரசர் என்ற உரிமைக்கூற்று அந்த எழுத்தில் அடங்கியிருக்கிறது. விடுதலைக்குப் பின் அதே இடத்தில் கிரீடம் போய் அசோகச் சிங்கங்களும், இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையைக் குறிக்கும் ‘ஆர்.எஃப்.ஐ.’ என்ற எழுத்துகளும் வந்தன. ஓர் ஆட்சி முடிந்து இன்னொன்று தொடங்கியதை இரும்பின் மேல் விரல்வைத்துத் தடவிப் பார்க்கக்கூடிய இடம் இதுபோல் வேறில்லை என்பது என் எண்ணம்.

‘7.62’ என்றும் ‘2ஏ’ அல்லது ‘2ஏ1’ என்றும் குறி இருந்தால், அது 1960களில் இஷாப்பூர் உருவாக்கிய வேறு குண்டளவுத் துப்பாக்கி. தோற்றத்தில் பழையதைப் போலவே இருந்தாலும் அதன் மகசீன் சதுர வடிவாக இருக்கும். இரண்டையும் குழப்பித் தவறான தோட்டாவை இடுவது உயிருக்கே ஆபத்து.

அடுத்துப் பார்க்க வேண்டியது வரிசை எண். என்ஃபீல்டும் பி.எஸ்.ஏ.வும் முதல் உலகப்போர்க் காலத்தில் எண் வரிசை ஒன்று முடிந்தபின் அதனோடு வரும் எழுத்தை மாற்றி மீண்டும் தொடங்கியதால், தொழிற்சாலையும் ஆண்டும் தெரியாமல் எண் மட்டும் எதையும் சொல்லாது. அந்த எண் குழல் பொருந்தும் முன்பகுதி இரும்பிலும், குழலிலும், போல்ட் கைப்பிடியின் அடிப்பகுதியிலும், குழலின் முன்முனையை மூடும் மூக்குத் தகட்டிலும், குறிபார்க்க உதவும் பின்சட்டத்தின் அடிப்புறத்திலும், முன்கட்டையின் கீழும் இருக்கலாம். எல்லாம் ஒத்திருந்தால் மதிப்பு கூடும். ஒத்திராவிட்டால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். பழுதுபார்ப்பில் பாகம் மாறுவது படைகளின் அன்றாட வழக்கம். ‘எஃப்.டி.ஆர்.’ என்ற எழுத்துகளோடு ஓர் ஆண்டு இருந்தால், அந்த ஆண்டில் தொழிற்சாலையில் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது என்று பொருள். ஆனால் போல்ட்டின் எண் மட்டும் வேறுபட்டால் கவனம் தேவை: தோட்டாவின் பின்புறத்துக்கும் போல்ட்டின் முகப்புக்கும் உள்ள இடைவெளி பிசகியிருக்கலாம், தேர்ந்த கைவினைஞர் அளந்து பார்க்காமல் சுடக் கூடாது.

யாருடைய உடைமை என்பதை அகன்ற தலையுள்ள அம்புக்குறி காட்டும். தனி அம்பு பிரிட்டிஷ் அரசுடையது. அம்பின்கீழ் ‘ஐ’ என்ற எழுத்து நின்றால் இந்தியா. ‘சி’ எழுத்தின் உள்ளே அம்பு இருந்தால் கனடா. ‘என்’, ‘இசட்’ இரண்டுக்கும் இடையே நின்றால் நியூசிலாந்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டு நின்றால், அரசு அதை உடைமையிலிருந்து நீக்கி விற்றுவிட்டது என்று அறியலாம். ‘டி.பி.’ என்ற எழுத்துகள் அணிவகுப்புப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்டதைக் குறிப்பதால், அத்தகையதைச் சுட நினைப்பதே தவறு. பின்கட்டையின் வலப்புறத்துப் பித்தளை வில்லையில் படைப்பிரிவின் சுருக்கெழுத்தும் எண்ணும் இருக்கலாம். போர்க்காலத்தில் செய்தவற்றில் பல வில்லையே இல்லாதவை.

இனிப் போலிகளைப் பற்றி. இன்று பாகிஸ்தானில் உள்ள கைபர் கணவாய்ப் பகுதியில், குறிப்பாகத் தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில், கைவினைஞர்கள் கையாலேயே இவற்றைச் செய்து, அசல் முத்திரையையும் பார்த்துப் பார்த்து வெட்டினார்கள். எழுத்து தெரியாமல் வெட்டியதால் ‘என்’ திரும்பி நிற்கும், ஊர்ப்பெயரில் எழுத்துப்பிழை வரும், கிரீடம் கோணலாக இருக்கும். 1901இல் இறந்த விக்டோரியாவின் ‘வி.ஆர்.’ எழுத்துகளோடு அதற்குப் பிந்தைய ஆண்டு நின்றால் வேறு சான்றே தேவையில்லை. அசல் முத்திரை ஒரே அடியில் விழுந்ததால் அதன் பள்ளம் சீராகவும் விளிம்பு தெளிவாகவும் இருக்கும். உளியால் வெட்டிய எழுத்தின் ஆழம் கோட்டுக்குக் கோடு மாறும்.

பார்த்த ஒவ்வொன்றையும், இருந்த இடத்தோடு சேர்த்து, குறிப்பேட்டில் உருவம் வரைந்து எழுதி, அருகே அளவுகோல் வைத்துப் படமெடுத்து வையுங்கள். விளங்காத குறியையும் விட்டுவிடாமல் வரைந்துகொள்வது நல்லது. அதே குறியை இன்னொரு துப்பாக்கியில், வேறொரு ஆண்டுக்கு அருகில் காணும் நாளில், இந்தப் படம்தான் ஒப்பிடக் கைகொடுக்கும்.